இழுக்கிற சில்லு நிறுத்தாது

ஒக்டோபரில் முதல் மழை விழுந்த மறுநாள், புத்தளத்துப் பாலாவிச் சந்திக்குக் கிட்ட இருக்கிற என் டயர் கடை நிறைந்துவிடும். கொட்டித் தீர்த்த நாளுக்குப் பிறகு இவ்வளவு பேர் வருவதில்லை. அரை மணித்தியாலம் தூறிவிட்டு மேகம் கலைந்த நாளுக்குப் பிறகுதான் ரிம் வளைந்தவை, பம்பர் தொங்குபவை, தென்னையில் உரசிக் கதவு உள்ளே போனவை என்று வரிசை கட்டும். முன்பெல்லாம் அந்த வரிசையில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும்தான் அதிகம். சில வருடங்களாக, பின்கதவில் 'ஓல் வீல் டிரைவ்' என்று வெள்ளி எழுத்துப் பதித்த கார்களும் டபுள் கெப்களும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. இறங்கி வருபவர் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "நானா, நாலு சில்லும் வேலை செய்யிற வண்டி இது. இது எப்படி வழுக்கும்?"

நாலு சில்லும் வேலை செய்வது உண்மை. எந்த வேலை என்பதைத்தான் பார்க்க வேண்டும். எஞ்சின் கொடுக்கும் இழுவையை இரண்டுக்குப் பதிலாக நான்கு சில்லுக்கும் பங்கிடுவது அந்த ஏற்பாடு. மணலில் புதைந்தால் வெளியே வரலாம், சேற்றில் கிளம்பலாம், ஈரமான ஏற்றத்தில் சில்லு சும்மா சுற்றாமல் ஏறலாம். பிரேக்கில் கால் வைத்த கணத்தில் அந்த ஏற்பாட்டின் வேலை முடிந்துவிடுகிறது. பிரேக் என்பது, முன்சில்லு மட்டும் இழுக்கும் சின்ன ஓல்டோவிலும் நான்கு சில்லுக்கும்தான் இருக்கிறது. ஆகவே அதிகம் கொடுத்து வாங்கிய வண்டி, நிற்கும் விஷயத்தில் அந்த ஓல்டோவை ஒரு முழம்கூட முந்துவதில்லை.

தார் வீதியைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஓர் உள்ளங்கையளவு ரப்பர். இழுக்கவும் திரும்பவும் நிறுத்தவும் தேவையான பிடி முழுவதும் அங்கிருந்துதான் வரவேண்டும். ஒன்றுக்குக் கொடுத்தது இன்னொன்றுக்கு மிஞ்சாது. வளைவுக்குள் போய் பிரேக்கை மிதிப்பவரின் வண்டி நேரே காட்டுக்குள் போவதற்கு இதுதான் காரணம். இருந்த பிடியை பிரேக் எடுத்துக்கொண்டது, திரும்புவதற்கு எதுவும் பாக்கியில்லை.

இதிலே இன்னொரு சங்கதி உண்டு. சாதாரண காரில் ஈர வீதியில் சற்று வேகமாக எக்ஸிலேட்டரை மிதித்தால் சில்லு ஒருமுறை சுற்றி, கிரீச் என்று சத்தம் போடும். வீதி வழுக்குகிறது என்று வண்டி முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஓட்டுநரும் காலைத் தூக்கிவிடுவார். ஓல் வீலில் அந்தச் சத்தம் கேட்பதில்லை. காய்ந்த வீதியில் கிளம்புவதுபோலவே கிளம்பும், எழுபதுக்கு ஏறும், எண்பதுக்கும் ஏறும். வீதி வழுக்குகிறது என்று ஓட்டுநர் அறிந்துகொள்வது, கழுதை ஒன்று குறுக்கே நிற்கும்போது. இந்தக் கரையோரத்தில் ஓல் வீல் வாகனத்தால் வரும் ஆபத்து, வீதி சொல்வதை அது ஓட்டுநரின் காதுக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்வதில்தான் இருக்கிறது. என் கட்சி அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கான ஆதாரம்.

பாலாவியிலிருந்து கல்பிட்டிவரை சுமார் 40 கிலோமீற்றர். பார்த்தால் நேரான, தட்டையான வீதி. மலைநாட்டு வளைவுகளைக் கண்டு பயப்படுகிறவர்கள் இங்கே வந்து காலை நீட்டி ஓட்டுவார்கள். ஆனால் இந்த வீதியின் மேல் என்னென்ன கிடக்கிறது என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பாலாவி உப்பளங்களிலிருந்து போகும் லொறிகள் சிந்தும் உப்பு. கல்பிட்டியிலிருந்து கொழும்புக்கு ஓடும் மீன் லொறிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர், அதோடு சேர்ந்த மீன் நெய். நுரைச்சோலை, ஏத்தாளைப் பக்கத்துத் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் பீட்ரூட்டுக்கும் நீர் தெளிக்கும்போது வேலி தாண்டி வீதியில் விழும் நீர். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் காற்று வாரி இறைக்கும் மணல். காய்ந்த தாரில் மெல்லிசாகப் படிந்த மணல், சீமெந்துத் தரையில் சிந்திய பயறு. அதன்மேல் கால் வைத்தவருக்குத் தெரியும்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். எங்கள் பக்கம் விடியற்காலையில் ஈரப்பதன் அந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதனால் ஒரு துளி மழை இல்லாத நாளிலும், சுபஹு தொழுகைக்குப் பிறகு வீதியின் சில இடங்கள் மட்டும் கறுத்து ஈரமாக மின்னும். தெரியாதவர் நிழல் என்று நினைப்பார். கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க அவசரமாகப் போகிறவர்கள் அந்த நேரத்தில்தான் அதன்மேல் ஓடுகிறார்கள்.

முதல் மழையின் கதையும் இதே வகைதான். ஜூனிலிருந்து செப்டெம்பர்வரை புத்தளத்தில் மழை பேருக்குத்தான். அந்த மாதங்களில் எண்ணெய், டயர் ரப்பர்த் தூள், புழுதி, உப்பு எல்லாம் தாரின் நுண்குழிகளில் இறங்கிக் கிடக்கும். பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். தூறல் அதைக் கழுவாது, குழைத்துவிட்டுப் போகும். மழை தொடங்கிய முதல் அரை மணி நேரம்தான் அதிகம் வழுக்கும் நேரம். நம்மவர்கள் அந்த நேரத்தில்தான், பெருசாகப் பிடிக்குமுன் வீட்டுக்குப் போய்விட வேண்டுமென்று வேகத்தைக் கூட்டுகிறார்கள்.

கணக்கைச் சொல்கிறேன். 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார், நல்ல டயரோடு, காய்ந்த தாரில் பிரேக் பிடித்தபின் நிற்க ஏறத்தாழ 20 மீற்றர் வேண்டும். நனைந்த தாரில் அது 35 மீற்றருக்குப் போகும். எண்ணெயும் புழுதியும் குழைந்த பரப்பில் 50 மீற்றரைத் தாண்டலாம். இவை எல்லாம் கால் பிரேக்கில் பட்ட பிறகு நடப்பவை. கண்ணால் கண்டு காலைத் தூக்கி வைக்கும் ஒரு வினாடியில் இன்னும் 17 மீற்றர் ஓடிப்போயிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் எத்தனை சில்லு இழுக்கிறது என்ற எண்ணுக்கு இடமே இல்லை. வேகம் இருக்கிறது, டயருக்கும் தாருக்கும் இடையிலுள்ள பிடி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பிடி எந்த நிலையில் என் கடைக்கு வருகிறது என்று பாருங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் பொருளாதாரம் விழுந்தது, டயர் விலை ஏறியது. இருந்த வாகனத்தையும் இருந்த டயரையும் சனம் இழுத்து இழுத்து ஓட்டியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இறக்குமதி திறந்தபின் ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனங்களில் இன்னொரு சிக்கல். ஓல் வீல் வகையை அங்கே விரும்பி வாங்குவது ஹொக்கைடோ, தொஹொக்கு போன்ற பனி விழும் பிரதேசத்து மக்கள். அந்த வண்டிகள் சில, பனிக்கால டயரோடேயே கப்பலேறிவிடுகின்றன. டயரின் பக்கச் சுவரில் 'ஸ்டட்லெஸ்' என்று எழுதியிருக்கும், அல்லது மலைக்குள் பனிப்பூ வரைந்த குறி இருக்கும். குளிரில் விறைக்காமலிருக்க மிருதுவான ரப்பர், பனியைக் கடிக்க மயிரிழைபோன்ற வெட்டுகள். பனியில் அது கெட்டிக்காரன். புத்தளத்து வெயிலில் கொதித்த, மழையில் நனைந்த தாரில் அதன் ரப்பர் நெளிந்து, நிற்கும் தூரம் நீண்டுபோகும். பள்ளம் ஆழமாக இருப்பதால் வாங்குபவர் "டயர் புதுசு" என்று சந்தோஷப்படுகிறார்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3418 என்றால் 2018ஆம் ஆண்டின் 34ஆவது வாரம் செய்தது. வெளிப் பார்வைக்கு நன்றாக இருக்கும் பழைய டயரின் ரப்பர் உள்ளுக்குள் இறுகிப் போயிருக்கும். இறுகிய ரப்பர் ஈரத்தைப் பிடிக்காது. பல நாடுகளில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பள்ளம் 1.6 மில்லிமீற்றர். மழைக்காலத்துக்கு நான் அதை நம்புவதில்லை, 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் மாற்றச் சொல்வேன். ஓல் வீல் வண்டிக்கு நான்கையும் ஒன்றாக, ஒரே வகையாக மாற்றுவது நல்லது. இரண்டு புதுசும் இரண்டு மொட்டையுமாகப் போட்டால் சுற்றளவு வித்தியாசப்படும். முன்னும் பின்னும் இழுவையைப் பங்கிடும் பகுதி ஓயாமல் உராய்ந்து சூடேறும். அதைப் பழுதுபார்க்கும் செலவில் இன்னும் இரண்டு டயர் வாங்கலாம்.

கல்பிட்டிக்குப் போகிறவர்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. கண்டக்குழிப் பக்கம் கடற்கரை மணலில் இறங்க, டயரின் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குகிறார்கள். அது சரியான வேலை. காற்றுக் குறைந்த டயர் அகன்று மணலில் புதையாமல் மிதக்கும். கோளாறு திரும்பி வரும்போது. காற்று அடிக்காமல் அப்படியே தார் வீதியில் ஏறி, மழைக்குள் கொழும்புக்கு விடுகிறார்கள். அமெரிக்க நாசாவில் வோல்டர் ஹோர்ன் என்ற ஆய்வாளர் 1960களில் விமானச் சில்லுகளை வைத்து ஒரு கணக்கைக் கண்டார். நீர் நிற்கும் தளத்தில் டயர் தரையைவிட்டு எழுந்து நீரின்மேல் மிதக்கும் வேகத்தை, டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கின்படி 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றரில் மிதக்கும். 18 பி.எஸ்.ஐ. என்றால் 70 கிலோமீற்றரிலேயே மிதந்துவிடும். கார் டயரில் இது கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், மொட்டை டயர் இன்னும் முந்தி மிதக்கும். நகருக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் 70. சட்டத்தை மீறாமலே ஒருவர் ஸ்டியரிங் செத்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கலாம் என்று அர்த்தம். மணலைவிட்டு ஏறியதும் முதலில் காற்று, பிறகுதான் கொழும்பு.

பழைய ஜீப், டபுள் கெப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். நெம்புகோலைத் தள்ளி 'ஃபோர் எச்' போடும் வகை, முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடும். வளைவில் முன்சில்லு ஓடும் தூரமும் பின்சில்லு ஓடும் தூரமும் வேறு. மணலில் அந்த வித்தியாசம் வழுக்கிச் சரியாகிவிடும். தாரில் வழியில்லாமல் இறுகிக்கொள்ளும், வண்டி திரும்ப மறுக்கும். ஆகவே மழை பெய்கிறதென்று தார் வீதியில் ஃபோர் எச் போடாதீர்கள். எலுவன்குளத்திலிருந்து வில்பத்துவுக்குள் ஆட்களை ஏற்றிப்போகும் சஃபாரி ஜீப்காரர்களைக் கவனியுங்கள். அவர்கள் ஃபோர் வீலைப் பாவிப்பது சேற்றுக்குள் ஆமை வேகத்தில் ஊர்வதற்கு. தார் ஏறியதும் கழற்றிவிடுவார்கள். அதை வைத்துப் பிழைப்பவர்களுக்கு அதன் எல்லை தெரியும்.

ஓட்டுவதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். மழை தொடங்கியதும், பின்னால் யாருமில்லாத நேரான இடத்தில், 30 கிலோமீற்றருக்கு இறக்கி பிரேக்கை ஒருமுறை பலமாக மிதித்துப் பாருங்கள். காலுக்குக் கீழே ஏ.பி.எஸ். உடனே படபடவென்று துடித்தால் அன்றைக்கு வீதியின் பிடி எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஓல் வீல் மறைப்பதைக் கேட்டு வாங்க இது ஒன்றுதான் வழி. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக ஓடும்போதே இறக்கிவிடுங்கள். வளைவுக்குள் காலும் கையும் மெதுவாக இருக்கட்டும். முன்பக்கம் வெளியே தள்ளினால் ஸ்டியரிங்கை இன்னும் ஒடிக்காமல், எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஒடித்ததையும் சற்றுத் தளர்த்துங்கள். பின்பக்கம் வீசினால் மரத்தைப் பார்க்காமல், போகவேண்டிய வீதியைப் பார்த்து அந்தத் திசைக்கு ஸ்டியரிங்கைக் கொடுங்கள். மணலில் இறங்க அணைத்துவைத்த வழுக்கல் கட்டுப்பாட்டு பட்டனை, தார் ஏறியதும் மறுபடி போட மறக்காதீர்கள். முன்னால் போகும் மீன் லொறிக்கும் உங்களுக்கும் இடையே நான்கு வினாடி இடைவெளி விடுங்கள்.

தண்ணீர் வீதியைக் கடந்து ஓடுமானால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. எலுவன்குளத்தின் தாழ்வான சப்பாத்துப் பாலம் எங்களுக்கு நல்ல உதாரணம். இங்கே வெயில் காயும். மேலே மழை பெய்து ராஜாங்கனைக் குளத்தின் கதவுகளைத் திறந்தால், கலா ஓயா அந்தப் பாலத்துக்கு மேலாகப் பாயும். உயரமான வண்டிதானே என்று இறக்குகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. நடுத்தரமான ஓல் வீல் காரின் அடிப்பரப்பு சுமார் 7 சதுர மீற்றர். தண்ணீர் அடித்தட்டைத் தொட்டபின் ஏறும் ஒவ்வொரு 10 சென்றிமீற்றரும், உள்ளே நீர் புகும்வரை, வண்டியை 700 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். வண்டியின் எடை 1,300, 1,400 கிலோ. முழங்காலளவு நீரிலேயே டயர் தரையை அழுத்துவதை விட்டுவிடும். தரையைத் தொடாத சில்லு நான்காக இருந்தால் என்ன, பத்தாக இருந்தால் என்ன? 2025 நவம்பர் இறுதியில் நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன டித்வா புயலின்போது, புத்தளம் - அநுராதபுரம் வீதியில் கலா ஓயா வெள்ளம் ஒரு பயணிகள் பஸ்ஸையே மடக்கிப் பிடித்தது. அதில் வந்து உயிரைக் கையில் பிடித்திருந்தவர்களைக் கடற்படையினர் வந்து மீட்டார்கள். பஸ்ஸுக்கே அந்தக் கதி.

ஓட்டுநர்மேல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போவதும் சரியில்லை. சப்பாத்துப் பாலங்களின் இரு முனையிலும் நீர்மட்டம் காட்டும் கம்பமும், பூட்டக்கூடிய தடைக் கம்பமும் வேண்டும். குளத்துக் கதவைத் திறக்க முடிவெடுத்தவுடன் அந்தத் தடையும் விழ வேண்டும். கல்பிட்டி வீதியில் காற்றுக்காலத்து மணலைக் கூட்டுவது, உப்பு லொறிக்கும் மீன் லொறிக்கும் ஒழுகாத தட்டு போடச் செய்வது எல்லாம் பெரிய செலவில்லாத வேலைகள். பிரதேச சபைக்கும் பொலிஸுக்கும் மனமிருந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்கு அவசரமாகத் தெரிவது வேறொன்று. 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை காரணமாக, அநேகமாக ஒவ்வொரு காரும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்குமுன் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை நிலையத்துக்குப் போகிறது. அங்கே குழாயை விட்டுப் புகையை அளக்கிறார்கள். அரை அடி தள்ளியிருக்கும் டயரை அளக்க யாருக்கும் உத்தரவில்லை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் அரசாங்கம், தனியார் காரின் டயர் மொட்டையா, வயசானதா, பனிநாட்டுக்காரனா என்று கேட்பதில்லை. பள்ளத்தை அளக்கும் ஊசி சின்னஞ்சிறியது, நான்கு டயரையும் அளக்க இரண்டு நிமிடம் போதும். வண்டி எப்படியும் அங்கே நிற்கிறது, ஆளும் நிற்கிறார். புகை அளக்கும் அதே படிவத்தில் டயருக்கு நான்கு கட்டங்கள் சேர்த்தால் போதும்.

டயர் விற்கிறவன் டயரைச் சோதிக்கச் சொல்கிறான் என்று சிலர் சிரிக்கலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் ஊசி பொய் சொல்லாது. அதை என் கையில் கொடுக்க வேண்டாம், அரசாங்கத்தின் கையில் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். முறையாகச் சோதித்து மாற்றப்படும் டயரால் எனக்கு வரும் இலாபம், வளைந்த ரிம்மை நிமிர்த்துவதில் வருவதைவிட அதிகம் என்றும் சொல்ல முடியாது. வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீதியில் இழக்கும் நாடு இது. அந்த நான்கு கட்டங்கள் படிவத்தில் வரும்வரை, வெள்ளி எழுத்தை நம்பி மழைக்குள் இறங்குகிறவர் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் குனிந்து தன் டயரைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்.